சுமையும் இடைவெளியும்

நம்மில் பலருக்கு மிதிவண்டி என்பது அன்றாடப் பிழைப்பின் துணை. கேரியரில் அரிசி மூட்டை, முன்கம்பியில் குழந்தை என்று ஒரு குடும்பத்தின் பாரத்தையே அது சுமந்திருக்கிறது. முன்னே 44 பல் கொண்ட சக்கரம், பின்னே 18 பல் கொண்ட பிரீவீல், 28 அங்குல டயர்: சமவெளிக்கு இதைவிடச் சிறந்த அமைப்பு வேண்டியதில்லை. ஆனால் சுமையோடு மலையேறப் புறப்படுவோர்க்கு இவ்வமைப்பு போதுமா என்பது வேறு கேள்வி.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், மணாலியிலிருந்து லே நகர் வரை மிதிவண்டியில் செல்லப்போவதாக அறிவித்தபோது இக்கேள்வி எங்கள் இல்லத்துக்குள் வந்தது. அவள் தாயின் கவலை வழித்துணையைப் பற்றியது. என் கவலையோ பல்சக்கரங்களைப் பற்றியது.

அவ்வழி எளியதன்று. ரோத்தாங் கணவாய் வழியே செல்வோர்க்கு மொத்தத் தொலைவு ஏறத்தாழ 470 கிலோமீட்டர். மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். அங்கிருந்து 51 கிலோமீட்டரில் ரோத்தாங் 3,978 மீட்டரை எட்டுகிறது. அதன்பின் பாரலாச்சா கணவாய் 4,800 மீட்டருக்கு மேலும், தங்லாங் கணவாய் 5,300 மீட்டருக்கு மேலும் நிற்கின்றன. அவ்வுயரத்தில் மூச்சுக்குக் கிட்டும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிட்டுவதில் ஏறத்தாழப் பாதியே.

கணக்கு ஒன்று பார்ப்போம். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கர விட்டத்தால் பெருக்கினால், நம் பழைய வண்டிக்கு 68 அங்குலம் வரும். அதாவது, பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் முன்னேறும். ஏறுபவரும் வண்டியும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்றும், 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் பாதை என்றும் கொள்வோம். வண்டியைக் கீழ்நோக்கி இழுப்பது 6 கிலோ எடைக்கு ஈடான விசை. உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், பழைய வண்டியில் பெடலைச் சராசரியாக 30 கிலோ விசையுடன் ஓயாது அழுத்தவேண்டும். முன்னே 22 பல், பின்னே 34 பல், 26 அங்குலச் சக்கரம் என்று மாற்றினால் அது ஏழரைக் கிலோவாகக் குறைந்துவிடும். முழங்காலைக் காப்பது இந்த வேறுபாடுதான்.

“இவ்வளவு சின்னச் சக்கரம் எதுக்குப்பா? நடக்கிற வேகத்திலேதானே போகும்?” என்றாள் மகள்.

உண்மைதான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு 5 கிலோமீட்டரைத் தொடாது. ஆயினும் நடப்பவர் சுமை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். மிதிப்பவரோ அமர்ந்தபடியே செல்லலாம். சிறு கியரை இழுக்கென எண்ணும் மனப்பான்மை புதிதன்று. பிரான்சு நாட்டின் பால் த விவி (1853–1930), பயணிகளுக்குப் பல கியர்கள் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். 1903இல் தொடங்கிய டூர் த பிரான்சு பந்தயமோ, சங்கிலியைப் பல் மாற்றும் கருவியை 1937இல்தான் அனுமதித்தது. பந்தய வீரருக்கே அத்தனை காலம் பிடித்ததென்றால், இளம்பெண்ணின் தயக்கத்தில் வியப்பில்லை. பெரிய கியரை இழப்பதாலும் நட்டமில்லை. சுமை வண்டி இறக்கத்தில் தானே ஓடும், அங்கே பிரேக்குத்தான் வேலை.

அடுத்தது டயரும் அதைச் சுற்றியுள்ள இடைவெளியும். ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் அவள் மனத்தைக் கவர்ந்த வண்டியில் 28 மில்லிமீட்டர் டயர் பொருத்தியிருந்தது; டயருக்கும் போர்க்குக்கும் இடையே விரல் நுழையாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் லே செல்லும் சாலையைப் பனியுருகிய ஓடைகள் பல இடங்களில் கடக்கின்றன. பிற்பகலில் அவை பெருகும். சரளையும் சேறும் டயரில் ஒட்டிக்கொண்டு சுழலும்போது, இடைவெளி இல்லாத வண்டி அங்கேயே நின்றுவிடும். சுமையேறிய பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று அறுந்தால் சக்கரம் கோட்டம் காணும். இடைவெளி இருந்தால் பிரேக்கைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு அடுத்த ஊர் வரை செல்லலாம். இல்லையேல் டயர் சட்டத்தில் உரசி அறுபடும்.

ஆகவே 47 மில்லிமீட்டர் டயரும், அதன் இருபுறமும் குறைந்தது 6 மில்லிமீட்டர் இடமும், மட்கார்டு பொருத்துவதானால் டயருக்கு மேலே 10 மில்லிமீட்டர் இடமும் வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டோம். அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக அடைக்கலாம். கல்லின் அடியை அதுவே வாங்கிக்கொள்ளும்.

டயர் வாங்குவோர் கவனிக்கவேண்டிய செய்தி இன்னும் ஒன்று. ‘26 அங்குலம்’ என்ற பெயரிலேயே பல அளவுகள் உள்ளன. 26 × 1.75 டயரின் பக்கத்தில் 47-559 என்றும், 26 × 1⅜ டயரில் 37-590 என்றும் பொறித்திருக்கும். ஒன்று மற்றதன் ரிம்மில் ஏறாது. பெயரை நம்பாமல் இவ்வெண்ணைப் பார்த்தே வாங்கவேண்டும்; மடித்து வைத்த மாற்று டயர் ஒன்றும் உடன் செல்லவேண்டும்.

இப்போது அவளிடம் உள்ள வண்டி, பார்ப்போர் திரும்பிப் பார்க்கும் வண்டியன்று. தில்லியில் பழகுவதற்கு மலை ஏது? முழுச் சுமையையும் ஏற்றி, விடியற்காலையில் மேம்பாலங்களில் ஏறி இறங்கிப் பழகுகிறாள். எந்தக் கியரிலும் மூச்சு வாங்காமல் பேசமுடிகிறதா என்பதே நான் வைத்த தேர்வு.

வண்டியைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் தம் உடல் நல்ல நிலையில் இருக்கும் வேளையை, நல்ல சாலையை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்கிறோம். பயணமோ, பசியும் களைப்பும் சேறும் ஒன்றுகூடும் ஒரு பிற்பகலில்தான் நம்மைச் சோதிக்கிறது. அந்த வேளைக்கென ஒரு சிறு பல்சக்கரத்தையும் விரற்கடை இடைவெளியையும் முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது கோழைத்தனம் ஆகாது. ஊரைவிட்டு மூட்டை முடிச்சோடு நெடுந்தொலைவு வந்து குடியமர்ந்த நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைப் போகாதே என்று தடுப்பதினும், போய்ச் சேரத்தக்க வண்டியைத் தேர்ந்து கொடுப்பதே பெற்றோர் கடன்.