லெம்பெர்க்கிலிருந்து மெட்ராஸுக்கு

ஞாயிறு

கம்பெனி லீவு. சட்டம் படிக்கும் மகள் விட்டுப்போன ஜெராக்ஸ் கட்டைப் புரட்டினேன். எழுதியவர் சார்லஸ் ஹென்றி அலெக்சாண்ட்ரோவிச் என்ற சட்டப் பேராசிரியர். 1902-இல் அவர் பிறந்த லெம்பெர்க் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது, பிறகு போலந்து, இன்று லிவிவ் என்ற பெயரில் உக்ரைன். 1951-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து, சர்வதேசச் சட்டத்துக்கும் அரசியலமைப்புச் சட்டத்துக்குமான துறையைக் கட்டியெழுப்பினார்.

வந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். ஏ.கே. கோபாலன், ரொமேஷ் தாப்பர், செண்பகம் துரைராஜன்: புது அரசியலமைப்பின் தொடக்க காலப் பெரிய வழக்குகளில் எதிரே நின்றது மெட்ராஸ் அரசுதான். கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணை, செண்பகம் வழக்கில் ஏப்ரல் 1951-இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. ஜூனிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்துவிட்டது. பாடம் நடத்த இதைவிட வாகான ஊர் அமையாது. இந்திய அரசியலமைப்பின் வளர்ச்சி பற்றி 1957-இல் புத்தகமே எழுதினார்.

செவ்வாய்

ஷிப்மென்ட் பரபரப்பு. பையர் அனுப்பிய ஆர்டர் நிபந்தனைகளில் வழக்கம்போல, தகராறு வந்தால் அவர்கள் ஊர்க் கோர்ட்டில்தான் பார்க்க வேண்டுமாம். ராத்திரி மறுபடி ஜெராக்ஸ்.

மெட்ராஸில் இருந்தபோதுதான் பேராசிரியரின் கவனம் பழைய உடன்படிக்கைகள் பக்கம் திரும்பியது. 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மராத்தியர், மலபார், இலங்கை அரசர்களோடு ஒப்பந்தம் போட்டபோது அவர்களை முழு அரசர்களாக மதித்தே போட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர்கள்தான் ஆசியாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள் என்பது அவர் வாதம். இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. தாத்ராவுக்கு இந்தியா வழியாகப் போகும் உரிமை கேட்ட வழக்கில் போர்த்துகல் 1779-ஆம் வருச மராத்திய உடன்படிக்கையைத் தூக்கிக்கொண்டு ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை போனது, 1960-இல் தீர்ப்பு.

வியாழன்

பேராசிரியரின் வாதத்தை மகளிடம் போனில் சொன்னேன். "அவரு கொஞ்சம் தாராளமாச் சொல்றாருங்கப்பா. காகிதத்துல சமம்தானுங்க, கோட்டையில பீரங்கி இருந்துச்சுல்ல?"

பாதி ஒத்துக்கொண்டேன். ஆனால் காகிதத்திலாவது சமமாக இருந்தது என்று கண்டுபிடித்ததே பெரிது. எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் அதுவும் இல்லை.

பேராசிரியர் 1961-இல் சிட்னிக்குப் போனார். என் கையில் இருப்பது 1967-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட அவர் புத்தகத்தின் ஜெராக்ஸ். 1975-இல் காலமானார். அவர் கட்டுரைகளைத் தொகுத்து 2017-இல் ஒரு பெரிய புத்தகம் வந்திருக்கிறதாம். மகள் விலையைச் சொன்னாள். லைப்ரரியில் எடுத்துவரச் சொல்லிவிட்டேன்.