வெங்காயம் என்று எழுதிய எடைச்சீட்டு

2012-ல் என்னிடம் வந்த கட்சிக்காரர் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். கொச்சியில் 25 அடி பாய்மரப் படகு ஒன்றைப் பழசாக வாங்கி, லாரியில் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்திருந்தார். இங்கே செப்பனிட்டுத் தூத்துக்குடியில் கடலில் இறக்குவது திட்டம். டிராக்டர் டிரெய்லர் செய்யும் உள்ளூர்ப் பட்டறை ஒன்று அதற்கு வண்டி செய்துகொடுத்தது. எட்டு மாதம் படகு அந்த வண்டியின் மேலேயே குடோனில் நின்றது. கிளப்பப் போன அன்று பார்த்தால் அச்சு வளைந்திருக்கிறது. படகின் விலாவில் இருபுறமும் உள்ளங்கை அகலத்துக்குக் குழி, சுற்றிலும் மயிரிழை விரிசல்.

"படகுன்னுதான் சார் சொன்னாரு. நமக்குத் தெரிஞ்ச படகு கொடைக்கானல் மிதிபடகுதானே" என்றார் பட்டறைக்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் படகைச் சுமந்து இந்தப் பக்கம் வருவது புதிதும் இல்லை. 1863-ல் லெவிங் துரை கொடைக்கானல் ஏரியை அமைத்தபோது, முதல் படகு தூத்துக்குடியிலிருந்துதான் மலையேறியது என்பார்கள்.

நுகர்வோர் மன்றத்தில் நான் நம்பியது 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவை. இன்ன காரியத்துக்கு என்று சொல்லி, விற்பவரின் தொழில் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்குத் தாங்க வேண்டும். கொட்டேஷனில் 'படகு ஏத்த' என்றே எழுதியிருந்தது. போதும் என்று நினைத்தேன்.

தூத்துக்குடியிலிருந்து படகு கட்டும் தச்சர், வயதான ஓடாவி ஒருவரை வரவழைத்தோம். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்தார். "பாரம் ஏராவுல உக்காரணும். பக்கத்துக் கட்டை சாயாம புடிச்சுக்கத்தான். இங்க மொத்தப் பாரமும் விலாவுல நிக்குது." படகின் அடிமுதுகைத்தான் ஏரா என்கிறார். கொக்கியையும் விடவில்லை. பத்தில் ஒரு பங்கு பாரமாவது முன்னால் இறங்க வேண்டுமாம்; இல்லையென்றால் ஓட்டத்தில் வண்டியின் வால் ஆடுமாம்.

பாரம் எவ்வளவு? யாருக்கும் தெரியவில்லை. படகை விற்றவர் கொடுத்த தாளில் 2 டன் என்றிருந்தது. அதை வைத்துத்தான் பட்டறைக்காரர் இரும்பு போட்டிருக்கிறார். மாற்று டிரெய்லரில் ஏற்றி எடை மேடைக்குக் கொண்டுபோனோம். முன்னால் வெங்காய லாரிகள், பின்னால் வெங்காய லாரிகள், நடுவில் நாங்கள். வண்டி எடை போக 2,940 கிலோ. இன்ஜின், பேட்டரி, நங்கூரம், தண்ணீர்த் தொட்டி எதையும் அந்தத் தாள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. மேடைப் பையன் பழக்கதோஷத்தில் சரக்கு என்ற இடத்தில் 'வெங்காயம்' என்று எழுதிவிட்டான். நானும் கவனிக்காமல் தாக்கல் செய்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் படித்ததும் மன்றமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "வெங்காயமோ படகோ, 2 டன் என்று சொல்லிவிட்டு மூன்று டன் ஏற்றியது யார்?" என்று கேட்டார். குழிக்குக் காரணம் பட்டறையின் கட்டை. வளைந்த அச்சுக்குக் காரணம் எங்கள் தாள். தனியாக அழைத்துக் கட்சிக்காரரிடம் சொன்னேன். கப்பலில் டன் கணக்கு பார்த்தவர், வெகுநேரம் பேசவில்லை.

சமரசமாக முடிந்தது. அச்சுக்குப் பணம் கட்சிக்காரர், விலாவைச் சரிசெய்யும் செலவு பட்டறைக்காரர். புது வண்டியையும் அதே பட்டறைதான், ஓடாவியை நாற்காலி போட்டு உட்காரவைத்துச் செய்தது. ஏற்றியதும் பட்டறைக்காரர் சாவியைக் கொடுக்கவில்லை.

"மொதல்ல மேடைக்கு விடுங்க சார். நானும் வர்றேன்."