ஏலும், ஏலாது

உடலில் குறையுள்ள ஒருவரை எப்படி அழைப்பது என்பதில் நமது நாட்டு அரச தமிழ் பலமுறை மனம் மாறியிருக்கிறது. அங்கவீனர் என்றார்கள். வலது குறைந்தோர் என்றார்கள். பிறகு விசேட தேவையுடையோர் என்றும் மாற்றுத்திறனாளிகள் என்றும் பெயர்ப்பலகைகள் மாறின. எங்களூர்ப் பேச்சில் மட்டும் அன்றும் இன்றும் ஒரே சொல்தான்: ஏலாதவர். அவருக்கு ஏலாது, அவ்வளவுதான். என் தம்பிக்கு இந்தச் சொல் அறவே பிடிக்காது. அவனுக்குப் பிடித்தது அதன் எதிர்ச்சொல். எதைக் கேட்டாலும் "எனக்கி ஏலும் நானா" என்பான். அந்தச் சொல்லுக்காக அவன் கொடுத்த விலையையும், அதை விட்டுக்கொடுக்காமலே தன் உரிமையைப் பெற்ற விதத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி மேசன். பதினாறு வயதில் கரண்டி பிடித்தவன். 2019இல் ஒரு மாடிக் கட்டிடத்துக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது பலஞ்சிப் பலகை சரிந்து விழுந்தான். முள்ளந்தண்டில் அடி. றாகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையில் மாதக்கணக்கில் இருந்து, பிசியோதெரபி செய்து, இரண்டு ஊன்றுகோல்களுடன் வீடு திரும்பினான். இடது காலில் உணர்வில்லை. வலது கால் ஓரளவு சொல்வழி கேட்கும். சிறுநீருக்குக் குழாய். இருபது நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்கார முடியாது. மனைவி வீட்டிலிருந்தபடியே உடுப்புத் தைக்கிறாள். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

2024இல் அங்கவீனர்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தோம். அந்த வருடம் அது 7,500 ரூபா. கிராம உத்தியோகத்தரின் சான்று, வைத்திய அறிக்கை, வருமான விபரம் எல்லாம் இணைத்தோம். சில வாரங்களில் நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது.

அந்த அழைப்பு வந்த நாளிலிருந்து தம்பி முற்றத்தில் நடக்கப் பழகினான். காலையில் பத்து அடி, அஸருக்குப் பிறகு பத்து அடி. பள்ளிவாசலில் இரவல் கொடுக்கும் சக்கர நாற்காலியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "வாணாம். அஞ்சு வருஷத்துக்குப் பொறகு ஊரு பார்க்கப் போறேன். இருந்துகொண்டு போக மாட்டேன்" என்றான். அன்று முகம் மழித்து, பெருநாள் சேர்ட் போட்டுக்கொண்டு வந்தான். நாங்கள் போக வேண்டிய பிரிவு மேல்மாடியில் இருந்தது. பதினான்கு படிகள். கைபிடிக்கப் போனபோது என்னை விலக்கினான்.

அந்தப் படிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பொதுக் கட்டிடங்களுக்குள் அங்கவீனமுற்றோர் தடையின்றிப் போய்வர வழி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. 1992இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்ததால் சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்த கலாநிதி அஜித் பெரேரா இதற்காக உயர் நீதிமன்றம் வரை போனார். 2011 ஏப்ரலில் அந்த நீதிமன்றம் அவருக்குச் சார்பாகக் கட்டளையிட்டது. 2020இல் அவர் காலமானார். அங்கவீனர் கொடுப்பனவுக்கு ஆள் தேர்வதற்காக அங்கவீனர்களை மேல்மாடிக்கு அழைக்கும் வழக்கமோ எங்களூரில் 2024லும் இருந்தது.

தம்பி ஏறினான். பதினைந்து நிமிடம் பிடித்தது. மேசைக்கு முன்னால் நின்றபோது அவனுடைய சேர்ட் நனைந்திருந்தது. உத்தியோகத்தர் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். நடப்பீர்களா? ஏலும். தனியாகச் சாப்பிடுவீர்களா? ஏலும். கொஞ்சமாவது வேலை? கொஞ்சம் ஏலும். போகலாம் என்றார். இறங்கி வரும்போது தம்பியின் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் காய்ச்சலோடு படுத்தான். காலில் இழுப்பு. மூன்றாம் நாள்தான் எழும்பினான்.

பெயர் வரவில்லை. கடிதமும் வரவில்லை. கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் மேலே கேளுங்கள் என்றார். மேலே கேட்டால் கருமபீடத்தில் இருந்தவர், "அவர் நடக்கிறார்தானே, நடக்க ஏலாதவங்களே வரிசையில நிக்கிறாங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வரிசை உண்மையாகவே நீளம்தான். ஆனால் வரிசையில் முன்பின் இருப்பது வேறு, வரிசையிலிருந்தே நீக்கப்படுவது வேறு.

நோன்பு மாதத்தில் ஸக்காத் பணத்தில் ஒரு தொகை ஒதுக்கித் தருவதாகப் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் நல்ல மனதுடன் சொன்னார்கள். அதற்குத் தம்பி சொன்ன பதில் என்னைச் சற்று நிமிர வைத்தது. "ஸக்காத் தந்தா எடுப்பேன். அதுல வெக்கமில்ல. ஆனா இது வேற. இது எனக்கி இல்லயெண்டு கவுண்மெந்து செல்லுது. ஏன் இல்லயெண்டு நான் கேக்கணும். அது என்ட ஹக்கு."

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வழக்காடப் பணமில்லாதவர்களுக்குச் சட்டத்தரணிகளின் உதவியை இலவசமாகக் கொடுக்கிறது. கணவன்மாரிடம் தாபரிப்புக் கேட்கும் பெண்களுக்கான இடம் என்றே எங்களூரில் அதை அறிந்திருந்தார்கள். நானும் தம்பியின் மனைவியும் போனோம். இளம் சிங்களச் சட்டத்தரணி ஒருவர் இருந்தார். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக எங்கள் கதையை முழுதாகக் கேட்டார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "நிராகரித்த கடிதம் எங்கே?"

கடிதம் இல்லை என்றோம்.

"அப்படியென்றால் நாம் எதற்கு எதிராக மேன்முறையீடு செய்வது? வாயால் சொன்னதற்கு வாயால்தான் பதில் சொல்ல முடியும். முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குவோம்."

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பத்திரிகைக்காரர்களின் சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் 35ஆம் பிரிவு வீட்டில் இருக்கும் ஏலாதவருக்கும் உரியது. தன்னை நேரடியாகப் பாதிக்கும் ஒரு முடிவை அரச நிறுவனமொன்று எடுத்தால், அதற்கான காரணங்களை எழுத்தில் தரும்படி அவர் கேட்கலாம். தர வேண்டியது உத்தியோகத்தரின் கடமை. விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். சட்டத்தரணி ஒரு பக்கத்தில் விண்ணப்பத்தை எழுதி, தமிழிலேயே தம்பியின் கையொப்பத்துடன் கொடுக்கச் சொன்னார். "ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்" என்றும் சொல்லி அனுப்பினார்.

பதில் உரிய காலத்துக்குள் வந்தது. சிங்களத்தில் வந்தது. தமிழில் எழுதியவனுக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே உண்டு என்று சட்டத்தரணிதான் எங்களுக்காகக் கோபப்பட்டார். எங்களுக்கோ கடிதம் கையில் கிடைத்ததே பெரிது. முத்திரைகளையும் இலக்கங்களையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் அதில் இருந்த காரணம் இரண்டே வசனம்: சுயமாக நடந்து வந்தார். தகுதியில்லை.

தம்பி அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னான். ஒன்றும் பேசவில்லை. அவன் வாழ்க்கையில் மிகவும் கஷ்டப்பட்டு ஏறிய பதினான்கு படிகளும் அவனுக்கெதிரான சாட்சியாகப் பைலில் கிடந்தன.

இப்போது எதிர்த்து வாதாட எங்களுக்கு ஒரு வசனம் கிடைத்திருந்தது. சட்டத்தரணி அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். அங்கவீனமுற்றவர் யார் என்று அது சொல்லும் வரைவிலக்கணத்தில் நடப்பதைப் பற்றிய பேச்சே இல்லை. உடலாற்றலிலோ மன ஆற்றலிலோ உள்ள குறைபாட்டினால் வாழ்க்கைத் தேவைகளைத் தானாக, முழுமையாகவோ பகுதியளவிலோ, நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் என்பதே அதன் கருத்து. பிறவியிலேயே இருந்ததா, பிறகு வந்ததா என்ற பேதமும் இல்லை. "பகுதியளவிலோ என்ற இந்தச் சொல்லில்தான் உங்கள் தம்பி இருக்கிறார்" என்று விரலை வைத்துக் காட்டினார்.

அடுத்தது சத்தியக்கடதாசி. அதற்காக அவர் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்தார். "உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்கள். நல்ல நாளும் வேண்டாம், கெட்ட நாளும் வேண்டாம். நேற்றைச் சொல்லுங்கள்" என்றார். தம்பி வழக்கம்போல எல்லாவற்றுக்கும் ஏலும் என்றான். அவர் மறுக்கவில்லை. ஒவ்வோர் ஏலுமுக்கும் பின்னால் மூன்று கேள்விகள் வைத்தார். எவ்வளவு நேரம்? யாருடைய உதவியோடு? பிறகு என்ன ஆகும்?

குளிக்க ஏலும், மனைவி வாளியை வைத்து, கதிரையைப் பிடித்துக்கொண்டால். சாரன் உடுக்க ஏலும், கட்டிலில் படுத்தபடி. நடக்க ஏலும், வாசல்வரை, பிறகு படுக்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால்? அதற்கு அவனிடம் பதில் இல்லை. தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த மனைவிதான் பதில் சொன்னாள். பக்கத்து அறையில் இருந்த எனக்கும் அதில் பாதி அதுவரை தெரியாத செய்திதான்.

மறுபடியும் பார்வையிட வரும்போது கட்டிலை விட்டு எழும்பாமல் இருக்கும்படி உறவுக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான். சட்டத்தரணி தலையை அசைத்தார். "ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். நடக்கிறார் என்பதை முதல் பந்தியிலேயே நாமே எழுதுவோம். பிறகு அந்த நடையின் விலையை எழுதுவோம்." அப்படியே எழுதினார். படி ஏறியது, பதினைந்து நிமிடம், இரண்டு நாள் காய்ச்சல், எல்லாம் அதில் வந்தன.

ஒரு வசனத்தில் மட்டும் தம்பி நின்றுவிட்டான். "மனைவியின் உழைப்பில் தங்கி வாழ்கிறேன்" என்றிருந்தது. கையெழுத்து வைக்க மாட்டேன் என்றான். கொடுப்பனவு போனாலும் பரவாயில்லை என்றான். அறையில் சற்றுநேரம் மெஷின் சத்தம்கூட இல்லை. அவன் மனைவிதான் பேசினாள்: "அவர் சும்மா இரிக்கிறல்ல மிஸ். நான் தைக்கிற உடுப்புக்கெல்லாம் பட்டன் வெக்கிறது, நூல் வெட்டுறது அவர்தான்."

சட்டத்தரணி அந்த வசனத்தை வெட்டினார். அந்த இடத்தில் வந்தது இது: மனைவி தைக்கும் உடுப்புகளுக்குப் பொத்தான் வைக்கிறேன், ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாததால் ஒரு நாளில் மூன்று சேர்ட்டுகளுக்கு மேல் முடிப்பதில்லை. "பகுதியளவில் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது" என்று சொல்லிவிட்டு வாசித்துக் காட்டினார். இஸ்லாமியனாகிய நான் உண்மையாக உறுதிகூறுகின்றேன் என்று தொடங்கும் அந்தத் தாளில் தம்பி தன் முழுப் பெயரையும் எழுதினான். ஊரிலுள்ள சமாதான நீதவான் முன்னிலையில் அது உறுதிப்படுத்தப்பட்டது. மேன்முறையீட்டை மேலதிகாரிகளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

சில மாதங்களின் பின் வேறோர் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். தம்பி படுத்திருக்கவில்லை. ஊன்றுகோல்களோடு வாசல்வரை நடந்துபோய் வரவேற்றான். பிறகு "கொஞ்சம் படுக்கணும், கோவிக்க வாணாம்" என்று சொல்லிக் கட்டிலில் சாய்ந்தான். அவர் சத்தியக்கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

2025இல் பெயர் வந்தது. இந்த முறை தமிழில் கடிதமும் வந்தது. அந்த வருடம் ஏப்ரல் முதல் கொடுப்பனவு 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டிருந்தது. குழாய்க்கும் மருந்துக்கும் கிளினிக் போய்வரும் ஆட்டோவுக்கும் அது சரி. குடும்பம் நடத்தப் போதாது. நிராகரித்ததால் தவறிப்போன மாதங்களின் பணம் கிடைக்கவில்லை. அதைக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறோம். அதற்கும் பதில் எழுத்தில் வேண்டும் என்று தம்பியே கடைசி வரியாகச் சேர்த்தான்.

நமது ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இப்படி வாயால் மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கருமபீடத்தில் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையோடு திரும்பி வந்து, கத்ர் என்று எண்ணிப் பொறுமையாக இருந்துவிடுகிறார்கள். பொறுமை பெரிய குணம்தான். ஆனால் ஒரு மனிதரின் பேனா எழுதியதை இன்னொரு பேனாவால் கேட்பது பொறுமைக்கு மாறானதல்ல. கெஞ்சத் தேவையில்லை. கூட்டிச் சொல்லவும் தேவையில்லை. ஏன் என்று எழுத்தில் கேட்க வேண்டும். கிடைத்த காரணத்துக்கு, உள்ளதை உள்ளபடி, எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அதைச் செய்யத் தெரியாதவர்களுக்குக் கைகொடுக்கத்தான் இலவசச் சட்ட உதவி என்ற ஒன்று இருக்கிறது.

இப்போதெல்லாம் பின்னேரங்களில் அயலவர்கள் சிலர் தங்கள் கடதாசிகளோடு தம்பியிடம் வருகிறார்கள். கண் தெரியாத ஒரு மூத்தம்மா, வலிப்பு வரும் ஒரு பையனின் உம்மா. அவன் கட்டிலில் சாய்ந்தபடி கேட்கிறான். முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "இல்லயெண்டு செல்லி எழுத்துல தந்தாங்களா?"