முதலில் அவரிடம், பிறகு ஊரிடம்

அன்பு மகளுக்கு,

நவம்பர் தேர்தலில் ஜெயித்து ஸ்கூல் போர்டுக்குப் போகிறாய். அண்ணன் போனில் சொல்லும்போதே அவர் குரலில் பூரிப்பு தெரிந்தது. இனி பாடத்திட்டம், கணக்கு வகுப்பு, பஸ் நேரம் என்று ஆளுக்கொன்று உன்னிடம் கேட்பார்கள். சித்தப்பா உன்னிடம் பேச நினைப்பது, பள்ளிகளின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட்டின் ஒப்பந்தம் பற்றி. இந்தக் கலிஃபோர்னியாவில் போர்டுக்கும் ஊருக்கும் பகை மூட்டிய முடிவுகளை யோசித்துப் பார்க்கிறேன். பலவற்றில் முடிவு தவறே இல்லை. சொன்ன விதத்தில்தான் கெட்டது.

ஆரஞ்ச் யூனிஃபைட் பள்ளி மாவட்டத்தில் நடந்ததை நீ அறிந்திருப்பாய். 2023 ஜனவரி 5 அன்று, குளிர்கால விடுமுறையில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, போர்டு சிறப்புக் கூட்டம் போட்டு 4-க்கு 3 என்ற வாக்கில் சூப்பரின்டென்டென்ட்டை நீக்கியது. சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேர அறிவிப்பு இருந்தால் சட்டப்படி போதும். பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்த பெற்றோருக்கு அந்த 24 மணி நேரத்தில் என்ன தெரிந்திருக்கும்? ஏன், எதற்கு என்று கேட்டவர்களுக்கு மனம் ஆறும்படி பதில் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் அந்த நால்வரில் இருவரை வாக்காளர்களே பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்தப் போர்டு மேல் ஊருக்கு வேறு மனத்தாங்கல்களும் உண்டு. ஆனாலும் அந்த ஜனவரி இரவை யாரும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாநிலச் சட்டம் உன்னை நேரடியாகக் கட்டுப்படுத்தும். சூப்பரின்டென்டென்ட்டைக் காரணம் காட்டாமல் நீக்குவதைச் சிறப்புக் கூட்டத்தில் செய்யக் கூடாது. தேர்தல் முடிந்து புதிய போர்டு முதன்முதலாகக் கூடிய நாளிலிருந்து 30 நாளைக்குள்ளும் செய்யக் கூடாது. வாக்குக் கேட்டு வரும்போது இருந்த சூடு தணிய ஒரு மாதம் வேண்டும் என்று சட்டமே நினைத்திருக்கிறது. அந்த மாதத்தில் பேசுவதைக் குறைத்து அவரோடு உட்கார்ந்து வேலையைத் தெரிந்துகொள்.

இனி, வாயை எங்கே மூட வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்பது. பிரவுன் சட்டம் 1953-இல் இருந்தே போர்டுக் கூட்டங்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் ஓர் அதிகாரியின் வேலையை எடைபோடும் பேச்சு மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கலாம். அங்கே கேட்டதை நீ வெளியில் சொல்லக் கூடாது, உன் கணவரிடம்கூட. இது நியாயமான காப்பு, ஒரு மனிதரின் பெயர் அதில் இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், பல போர்டுகள் இந்தக் காப்பை எல்லாவற்றின் மேலும் போர்த்திவிடுகின்றன. இரவு பதினோரு மணிக்குக் கதவு திறக்கும். வக்கீல் எழுதிக் கொடுத்த நாலு வரியைத் தலைவர் வேகமாக வாசிப்பார். எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மறுநாள் காலை பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுக்களில் காரணம் தானாக முளைக்கும். நான் பார்த்த ஒரு பள்ளி மாவட்டத்தில் நேர்மையாக வேலை செய்துவிட்டுப் போன ஒருவர் மேல் பணம் கையாடினார் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. போர்டு நினைத்திருந்தால் ஒரே வாக்கியத்தில் அதைத் தடுத்திருக்கலாம்.

காரணத்தைச் சொல்ல முடியாது என்பதால் முடிவையே மங்கலாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதா இல்லையா, யார் எப்படி வாக்களித்தார்கள், அவருடைய கடைசி நாள் எது, அதன் பிறகு பொறுப்பில் யார், அடுத்தவரைத் தேடும்போது ஊர் எந்தக் கட்டத்தில் வாய் திறக்கலாம் என்பதையெல்லாம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். “இதற்கு மேல் பேசச் சட்டம் அனுமதிக்கவில்லை” என்பதையும் அதே தெளிவோடு சொல். ஜனங்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். அவர்களால் பொறுக்க முடியாதது பூசி மெழுகுவது. குடும்பத்தோடு இருப்பதற்காக விலகுகிறார் என்று, அவர் அப்படிச் சொல்லாதபோது, ஒருநாளும் எழுதிவிடாதே.

வரிசையும் முக்கியம். முதலில் அந்த மனிதரிடம், நேரில், போர்டுத் தலைவர் வாயால். பிறகு பிரின்சிபல்கள், ஆசிரியர்கள், அலுவலகத்தார், கடைசியாகப் பெற்றோர். எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும். தன் வேலை போனதை நிருபரின் போனில் தெரிந்துகொள்வது யாருக்கும் நேரக் கூடாது. பெற்றோருக்குப் போகும் கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் போனால் போதாது. ஒரு பள்ளியில் 15 சதவீதமோ அதற்கு மேலோ பிள்ளைகளின் தாய்மொழி வேறொன்றாக இருந்தால் பள்ளியின் அறிவிப்புகள் அந்த மொழியிலும் போக வேண்டும் என்பது இங்கே சட்டம். எண்ணிக்கை அதைத் தொடாத மொழிக்காரர்களை நினைக்கச் சட்டம் சொல்லாது, நீ நினைக்க வேண்டும். முடியும் மொழிகளிலெல்லாம் அனுப்பச் சொல்.

பணத்தை மறைக்காதே. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்ற சின்ன ஊரில் நகர நிர்வாகி வருஷத்துக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் வாங்கியது 2010-இல் அம்பலமானது. உழைப்பாளிகளின் ஊர் அது. அதற்குப் பிறகுதான், பெரிய அதிகாரிகளின் சம்பளத்தைச் சிறப்புக் கூட்டத்தில் முடிவு செய்யக் கூடாது என்று விதி வந்தது. 2017 முதல், வாக்கெடுப்புக்கு முன் சம்பளத்தையும் சலுகைகளையும் திறந்த கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். அவசரமாக முணுமுணுத்துவிட்டால் விதி நிறைவேறிவிடும், ஊருக்கு ஒன்றும் விளங்காது. சூப்பரின்டென்டென்ட்டைப் பாதியில் அனுப்பினால் அவருக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் (12 மாதத்துக்கு மேல் போகக் கூடாது) நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பத்திரிகைக்காரர் தோண்டி எடுத்தால் அதே தொகை திருட்டுபோலத் தெரியும்.

இன்னொன்று, நம் ஆட்களுக்குப் பழகிப்போன விஷயம். கோவில் கமிட்டி, தமிழ்ச் சங்கம் எல்லாவற்றையும் நாம் வாட்ஸ்ஆப்பில் பேசி முடித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவோம். போர்டில் அது நடக்காது. பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே ஒரு விஷயத்தை இப்படிப் பேசி முடிப்பது சட்ட மீறல். போர்டு விஷயமாக இன்னொரு உறுப்பினர் சமூக வலைத்தளத்தில் போட்ட பதிவுக்கு நீ ஒரு லைக் போடுவதும் கூடாது.

பதவி ஏற்றதும் ஒப்பந்தத்தின் நகலை வாங்கிப் படி. அது பொது ஆவணம், யார் கேட்டாலும் தர வேண்டும். முடியும் தேதியைப் பார். நீட்டிக்கப் போவதில்லை என்றால் குறைந்தது 45 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். தவறினால் முடிந்த ஒப்பந்தத்தின் அதே கால அளவுக்கு அவரே தொடர்வார். ஜூன் 30-இல் முடிகிறதென்றால் மே நடுவில் கெடு. ஒப்பந்தத்திலேயே இதைவிட முந்தைய தேதி எழுதியிருக்கலாம், அதையும் தேடு. ஆகவே ஊரின் கருத்தைக் கேட்க ஜனவரியிலேயே ஒரு மாலையை ஒதுக்கும்படி தலைவரிடம் சொல். முடிவு உறைந்த பிறகு கூட்டும் கூட்டத்துக்கு யாரும் மனதோடு வரமாட்டார்கள். நானும் சித்தியும் அன்றைக்குப் பின் வரிசையில் வந்து உட்காருகிறோம்.

சித்தப்பா