நண்டுக் குழம்பும் நான் கொட்டிய தண்ணீரும்

என் மனைவி இருந்தவரை எனக்கு அடுப்பங்கரையில் வேலை கிடையாது. காசிமேட்டில் நண்டு வாங்கி வருவதோடு என் பொறுப்பு முடிந்துவிடும். உயிரோடு இருக்கிறதா, கையில் கனக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். கனமில்லாதது புதிதாக ஓடு மாற்றிய நண்டு. உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம் இருக்கும்.

அவள் போன மறுவருடம் மகள் வந்திருந்தாள். "அப்பா, அம்மா வைக்கிற நண்டுக் குழம்பு சாப்பிட ஆசையா இருக்கு" என்றாள். நானே வைக்கிறேன் என்று இறங்கினேன். மேலோட்டைப் பிரித்து, செவுளை நீக்கினேன். ஓட்டில் இருந்த மஞ்சளையும், டாக்டர் சொன்ன கொலஸ்டிராலை நினைத்து வழித்துப் போட்டேன். கவுச்சி போகட்டும் என்று நிறையத் தண்ணீரில் அரை மணி நேரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினேன். பிறகு மசாலாவில் இன்னும் அரை மணி நேரம் கொதித்தது.

மகள் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றாள். மூன்றாவது வாய்க்கே மோர் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். நண்டின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. 100 கிராமில் ஏறக்குறைய 1 கிராம்தான். கொழுப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்த மஞ்சளில். நமக்கு ஈரலும் கணையமும் செய்யும் வேலையை நண்டுக்கு அது ஒன்றே செய்கிறது. மசாலா வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்வதும் கொழுப்புதான். சதையின் இனிப்புக்குக் காரணமான கிளைசின் போன்ற அமினோ அமிலங்களோ தண்ணீரில் கரைபவை. ருசியில் பாதியைக் குப்பைக்கும் மீதியைச் சாக்கடைக்கும் கொடுத்திருக்கிறேன்! அதிகம் வெந்த சதை நீரை இழந்து நாராகிவிட்டது.

அவள் செய்ததை இப்போது நினைவுபடுத்திப் பார்க்கிறேன். குழம்பு கொதித்த பிறகுதான் நண்டைப் போடுவாள். ஓடு சிவந்து பத்து நிமிடம் போனதும், எடுத்துவைத்த மஞ்சளைக் கரைத்து ஊற்றி, ஒரு கொதி விட்டு இறக்குவாள். மீன் எண்ணெயைப் போன்ற அந்தக் கொழுப்பு நெடுநேரம் சூட்டில் கிடந்தால் வாடை மாறிவிடும் என்று அவள் எங்கும் படித்ததில்லை.

போன பொங்கலுக்கு அப்படியே வைத்தேன். டாக்டருக்காக நான் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன். மகள் ஓட்டைக்கூட விடாமல் உறிஞ்சினாள்.

"அம்மா எங்கேயாவது எழுதி வெச்சிருந்தாங்களாப்பா?"

எழுதவில்லை. முப்பத்தெட்டு வருடம் அவள் சமைக்கும்போதெல்லாம் நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.