நீளம் குறைந்த படகு

பூனாகலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்குக் கடல் என்பது, வானம் தெளிந்த காலைகளில் லிப்டன் சீட்டிலிருந்து தெற்கே தெரியும் வெளிறிய கோடு மட்டுமே. பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே அறுகம்குடாவில் கடல் கயாக்கில் ஏறினேன். நீளமானதே வேகமானது என்று எங்கோ படித்ததை நம்பி, 17 அடிப் படகையே கேட்டு வாங்கினேன். செய்தியாளனின் பழைய வியாதி!

படித்தது பொய்யன்று. 14 அடிப் படகைவிட அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ அரைக் கடல்மைல் கூடுதல். ஆனால் என் போன்றவர்கள் துடுப்பு வலிப்பதோ மூன்று கடல்மைல் வேகத்தில். அந்த வேகத்தில் நீரின் உராய்வே பெருந்தடை. நனையும் பரப்பு குறைந்த குட்டைப் படகே அங்கு இலகுவாக நகரும்.

கரை திரும்புகையில் அலையொன்று பின்புறத்தைத் தூக்கியது. நீண்ட படகு திரும்ப மறுத்து அலைக்குக் குறுக்காகக் கிடந்தது. மறுகணம் நான் நீருக்குள். படகைக் கரையேற்ற இருவர் வேண்டியிருந்தது. "லயம் வரைக்கும் தூக்க முடிஞ்ச விறகை மட்டும் கட்டுடா" என்று அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது.

மறுநாள் 14 அடிப் படகை எடுத்தேன். நேர்கோட்டில் செலுத்த அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது. பொதிகளுக்கும் இடம் குறைவு. நெடுந்தூரம் போகிறவர்கள் நீளமானதையே எடுக்கட்டும். கரையோரப் பாறைகளுக்கிடையே இதுவோ, இடுப்பைச் சற்றுச் சாய்த்தாலே திரும்பியது. அலையோடு கரை சேர்ந்ததும், யாரையும் அழைக்காமல், நானே மணலில் இழுத்துச் சென்று தென்னை நிழலில் வைத்தேன்.