களத்துமேட்டிலிருந்து

திருவையாறு,
புரட்டாசி.

அன்புள்ள நண்பருக்கு,

தியாகராஜ சுவாமிகளின் சமாதியைத் தரிசித்துவிட்டு மறுநாளே ஊர் திரும்புவதாகச் சொல்லிவந்த நான், மூன்று நாட்களாக இந்தக் காவிரிக் கரையிலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் சங்கீதமன்று, நெல். கும்பகோணம் செல்லும் சாலையில் பாதியைக் குறுவை நெல் உலர்த்துவதற்கென்று ஊரார் எடுத்துக்கொண்டிருக்க, எங்கள் பஸ் ஓட்டுநர் முணுமுணுத்தபடியே ஒதுங்கிச் சென்றாரேயன்றி, ஒரு மணியின்மீதும் சக்கரத்தை ஏற்றவில்லை.

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கமான நீர், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி விளைவித்த நெல் இது. அறுவடையை இயந்திரமே முடித்துவிட்டாலும், வீட்டுக்கென்று ஒதுக்கிய நெல்லைப் பெரியவர் ஒருவர் மரக்காலால்தான் அளந்துகொண்டிருந்தார். முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லி, அதன் பிறகே 'இரண்டு' என்று எண்ணுகிற அந்தப் பழைய மங்கல வழக்கைக் கேட்டதும், "யாருக்கு லாபம், ஐயா?" என்று கேட்டுவிட்டேன். "எல்லாருக்கும்தான் தம்பி, மிச்சம் இருந்தா எனக்கும்" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கையன்று. கொல்லருக்கும் தச்சருக்கும் நாவிதருக்கும் வண்ணாருக்கும் களத்திலேயே அளந்து கொடுத்த பங்குக்கு இந்தத் தஞ்சைச் சீமையில் 'சுதந்திரம்' என்றே பெயர். தேசம் அந்தச் சொல்லைக் கோஷமாக்குவதற்கு வெகுகாலம் முன்பே, கிராமம் அதை நெல்லாக அளந்துகொண்டிருந்தது. அந்த முறையில் உயர்வு தாழ்வென்னும் அநீதியும் இருந்ததை நான் மறக்கவில்லை. இன்று பெயர்கள் மாறிவிட்டன: இயந்திர வாடகை, உரக்கடைப் பாக்கி, மூட்டை சுமப்பவர் கூலி, லாரி, டீக்கடைக் கணக்கு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். ஆயினும் இவ்வளவு பேரும் எதிர்நோக்குவது அதே நெற்குவியலைத்தான்.

இப்பொழுது நான் கொள்முதல் நிலைய வாசலில் அமர்ந்து எழுதுகிறேன். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேற்பட்டால் நெல்லை எடுக்கமாட்டார்கள், கிழக்கே மின்னுகிறது, பெரியவர் வானத்தையும் குவியலையும் மாறி மாறிப் பார்க்கிறார். அரிசி விலை ஏறிவிட்டதென்று நீங்கள் எழுதியிருந்ததற்கு நேரில் மறுமொழி சொல்லுகிறேன். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறார்கள்.

தங்கள் அன்பன்.